நாலு மணிக்காரர்

ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவளை எல்லோரும் கரண்டியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நானூறு பேருக்குக் கஞ்சி கொதிக்கும் அண்டாவில் அவள் கரண்டி ஓய்ந்து நின்று யாரும் பார்த்ததில்லை. இருபத்தாறு வருஷத்தில் அவள் அடுப்பில் ஏற்றிய சட்டி ஒன்றுகூட அடிபிடித்ததில்லை. இதைத் தன் வாயால் சொல்லிக்கொள்ள மாட்டாள். ஆனால் வேறு யாராவது சொன்னால் குறுக்கே பேசவும் மாட்டாள்.

அவளுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. சாப்பாடு எப்படி என்று நோயாளிகளிடம் கேட்கவே மாட்டாள். கேட்டால் பாவம், மரியாதைக்கு நல்லா இருக்கு என்று சொல்லி வைப்பார்கள். அதனால் கழுவப் போகும் தட்டுகளின் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள். வழித்துத் துடைத்த தட்டு என்றால் சந்தோஷம். மீதி இருந்தால் யார் என்ன சமாதானம் சொன்னாலும் மறுநாள் சமையல் மாறிவிடும்.

அப்பேர்ப்பட்டவளை வீட்டில் ஒரே ஒரு சின்ன வார்த்தை இருபத்திரண்டு வருஷமாக ஆட்டிப் படைத்தது. "ஆனா" என்பது அந்த வார்த்தை.

வார்த்தைக்குச் சொந்தக்காரர் அவள் புருஷன். லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஊரில் லிஃப்ட்காரர் என்றால் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் வேறொரு நகரத்தில் வேலை பார்த்தார். அங்கே ஆற்றுப் பாலத்தை ஒட்டி ஒரு கடை, அந்தக் கடையில் ஒரு பயறு சூப். அவ்வளவுதான் சமாசாரம். ஆனால் அந்தச் சூப் அவரோடு கல்யாணப் பந்தலுக்கு வந்தது, குடித்தனம் வந்தது, பிள்ளை பிறந்தபோதும் கூடவே இருந்தது. அவள் எதைச் சமைத்துப் போட்டாலும் ரசித்துச் சாப்பிடுவார். "நல்லாத்தான் இருக்கு" என்பார். அங்கே நிறுத்தியிருந்தால் அவரைக் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பாள். நிறுத்த மாட்டார். "ஆனா, அந்தப் பாலத்துக் கடையில ஒரு சூப் கொடுப்பாங்க பாரு..."

மீன் குழம்புக்கும் அதே ஆனா. முட்டைக்கும் அதே ஆனா. ஒருமுறை காய்ச்சலில் படுத்திருந்தபோது வெந்நீர் கொடுத்தாள். அதற்கும் ஒரு ஆனா வந்தது.

அந்தச் சூப்பைச் செய்து பார்க்காமலும் இல்லை. பயறை வறுத்துப் போட்டாள். வெங்காயத்தைச் சிவக்க வதக்கிப் போட்டாள். எலும்பைக் கூட்டினாள், மிளகைக் குறைத்தாள். ஏழு விதமாகச் செய்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் அவர் நாக்கைச் சப்புக்கொட்டி, கண்ணை மூடி, விரலைக் காற்றில் ஆட்டுவார். "கிட்ட வந்துட்டே. ஆனா அதுல ஒரு மாதிரி... கசப்புன்னு சொல்ல முடியாது, புகைன்னும் சொல்ல முடியாது. என்னமோ ஒண்ணு இருக்கும். அந்தக் கடைக்கார அக்கா கைராசி."

சண்டை போடுகிற அளவுக்குப் பெரிய குற்றமும் இல்லை இது. சிரித்து மறக்கிற அளவுக்குச் சின்னதும் இல்லை. நானூறு பேர் தட்டை வழிக்கிறார்கள், கட்டின புருஷன் ஒருத்தர் ஒரு வேளை வாயை மூடிக்கொண்டு சாப்பிடக் கூடாதா என்று அவளுக்கு இருக்கும். ஒரே ஒரு வேளை. அதற்கு மேல் அவள் ஆசைப்பட்டதில்லை.

மகள் வேலைக்குப் போய் ஆறு மாதம் ஆனதும் இரண்டு ரயில் டிக்கெட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"ரெண்டு பேரும் அந்த ஊருக்குப் போயிட்டு வாங்க. அந்தச் சூப்பைக் குடிச்சு இந்தக் கேஸை முடிச்சுட்டு வாங்க. சின்ன வயசிலேருந்து கேட்டுக் கேட்டு என் காதே தேஞ்சு போச்சு."

லிஃப்ட்காரர் டிக்கெட்டைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். கரண்டியம்மா உடனே லீவு எழுதிக் கொடுத்தாள். ஆறு வருஷமாக லீவே எடுக்காதவள் எழுதிக் கொடுத்ததும், அவளுக்கு உடம்பு சரியில்லை என்றே சமையலறையில் பேச்சாகிவிட்டது. அவளுக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது. சக்களத்தியை நேருக்கு நேர் ஒரு கை பார்த்துவிட வேண்டும் என்று மனசுதான் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சூப் வெறும் கழனித் தண்ணீராக இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே வந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை இறங்கினார்கள். ஸ்டேஷன் வாசலைத் தாண்டியதுமே லிஃப்ட்காரருக்குப் பத்து வயசு குறைந்துவிட்டது. பெட்டி இரண்டையும் தானே தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார். மற்றவர்கள் ஒரு ஊரை அதன் தெருக்களை வைத்து ஞாபகம் வைத்திருப்பார்கள். இவர் லிஃப்ட்டுகளை வைத்து.

"அந்த மஞ்சள் கட்டடம் இருக்கே, எட்டு மாடி. லிஃப்ட் மூணாவது மாடி வந்தா ஒரு பெருமூச்சு விட்டுட்டுத்தான் மேலே போகும். இதோ இந்த பாங்க்ல மேனேஜர் படியிலதான் ஏறுவார், என் மேல அவ்வளவு நம்பிக்கை. அதோ, அந்த மூலையில ரொட்டிக் கடை. வா வா, இப்பத்தான் அடுப்புலேருந்து எடுப்பான்."

ரொட்டி கைபொறுக்காத சூடு. பிய்த்தால் உள்ளே ஆவி. வெண்ணெய் தடவுவதற்குள் உருகி முழங்கை வரைக்கும் வழிந்தது. நடைபாதையிலேயே நின்று சாப்பிட்டார்கள். கரண்டியம்மா ரொட்டியின் அடியைத் திருப்பிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள். குறை ஒன்றும் அகப்படவில்லை. இன்னொன்று வாங்கச் சொன்னாள்.

நேராகப் பாலத்துக்குப் போனார்கள். கடை இருந்தது, பூட்டி இருந்தது. கதவில் அட்டை தொங்கியது: வெள்ளையடிக்கிறோம், வியாழக்கிழமை திறக்கும். லிஃப்ட்காரர் அந்த அட்டையைத் தடவிக் கொடுத்தார். "கையெழுத்து அக்காவோடதுதான். உயிரோட இருக்காங்க" என்றார். மூன்று வருஷம் தினமும் அக்கா கையால் சாப்பிட்டவராம். அந்த அக்காவுக்கு இவர் என்றால் உயிராம். பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்வாராம். கரண்டியம்மா எல்லாவற்றுக்கும் உம் கொட்டிவைத்தாள்.

இரண்டு நாள் கிடைத்தது. வீணாக்கவில்லை. ஆற்றங்கரையில் மீனை வெறும் உப்பைத் தடவிப் பொரித்துக் காகிதத்தில் போட்டுக் கொடுத்தார்கள். எலுமிச்சையைப் பிழிந்து, முள்ளோடு மென்று தின்றார்கள். சந்தையில் ஒரு கிழவர் பட்டை போட்ட பாலைப் பெரிய குவளையில் கொடுத்தார். இரண்டு பேருக்கும் மீசை முளைத்தது. விடுதியில் காலைச் சாப்பாட்டுக்கு முட்டையும் வதக்கின காளானும் வைத்தார்கள். கரண்டியம்மாவுக்கு ஒரு விஷயம் அதிசயமாக இருந்தது. மற்றவர் சமைத்து, மற்றவர் பாத்திரம் கழுவி, தான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுவது இத்தனை சுகமா? இந்தச் சுகம் தெரிந்திருந்தால் லீவை இப்படிச் சேர்த்து வைத்துப் பூசணம் பூக்க விட்டிருக்க மாட்டாள்.

லிஃப்ட்காரர் விடுதி லிஃப்ட்டின் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இதுக்குக் கிரீஸ் போட்டே ஒரு வருஷம் இருக்கும்" என்று வரவேற்பறைப் பெண்ணிடம் சொன்னார். அவள் பயந்துபோய் அன்றிலிருந்து படியேறினாள்.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கடைக்குப் போனார்கள். புதுச் சுண்ணாம்பு வாசனை. கூட்டமென்றால் கூட்டம். கல்லாவுக்குப் பக்கத்தில் அடுப்பு. அடுப்பின் மேல் ஒரு ஆள் உட்காரக்கூடிய சட்டி. அதற்குப் பின்னால் நரைத்த தலையில் துணி கட்டிய அம்மாள் கிண்ணம் கிண்ணமாக ஊற்றிக்கொண்டிருந்தார். கையோடு கை மோதாமல், ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினார். கரண்டியம்மா மனசுக்குள் அந்தக் கைக்கு முழு மார்க் போட்டாள். போட்டதற்காகத் தன்மேலேயே எரிச்சல் பட்டாள்.

லிஃப்ட்காரர் முன்னால் போய் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "அக்கா, என்னைத் தெரியுதா?"

கடைக்கார அக்கா நிமிர்ந்து பார்த்தார். இவருடைய வழுக்கையைப் பார்த்தார், தொந்தியைப் பார்த்தார். "தெரியலையேப்பா. ரெண்டு கிண்ணமா? ரொட்டி வேணுமா?"

"லிஃப்ட் வேலை பார்த்தேனே. மூணு வருஷம் தினமும் வருவேனே."

"தினமும் எவ்வளவோ பேர் வர்றாங்க தம்பி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பின்னால ஆள் நிக்குது."

கிண்ணங்களை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். அவர் ஒரு கரண்டி குடித்தார். கண்ணை மூடினார். திறந்தார். இன்னொரு கரண்டி. அப்புறம் கிண்ணத்தின் அடியைக் கிளறி ஒரு கரண்டி. கரண்டியம்மாவும் குடித்தாள். நல்ல சூப்தான். பயறு பதமாக வெந்திருந்தது, எலும்பின் சாறு இறங்கியிருந்தது, உப்பு சரி. இவள் வீட்டில் ஐந்தாவது தடவை செய்தது இதைவிட ஒரு படி மேலேயே இருந்தது. அதற்கு மேல் அதில் ஒன்றுமே இல்லை.

ஜெயித்துவிட்டாள். இந்த நிமிஷத்துக்காக ரயிலில் எட்டுப் பத்து வசனம் யோசித்து வைத்திருந்தாள். "இதுக்கா இத்தனை வருஷம்?" என்பது முதல் வசனம். வாயைத் திறந்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர். அதோடு நிறுத்திக்கொண்டார்.

ஆனா வரவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவள் காத்துக் கிடந்த வாக்கியம், முழுசாக, வாலில்லாமல் வந்து விழுந்தது. அவருடைய கிண்ணத்தில் பாதிக்கு மேல் மீதி இருந்தது.

வெளியே வந்து நடந்தார்கள். அவர் எந்தக் கட்டடத்தையும் காட்டவில்லை. மஞ்சள் கட்டடத்தைத் தாண்டியபோதுகூடத் தலையைத் தூக்கவில்லை. ஆற்றோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தார்.

"வயசாயிடுச்சு போல. நாக்கு செத்துப்போச்சு" என்றார். "இல்லேன்னா, அப்படி ஒண்ணு எப்பவுமே இல்லை போல. நானா கட்டி வச்சுக்கிட்டேன். உன்னையும் இத்தனை வருஷமா போட்டுப் படுத்திட்டேன்."

இப்போது அவள் என்ன சொல்லியிருந்தாலும் கேஸ் முடிந்திருக்கும். இனிமேல் ஆயுசுக்கும் ஆனா கிடையாது. ஆனால் இப்படி ஒடிந்துபோய் உட்கார்ந்திருக்கிற மனுஷனிடமிருந்து வருகிற நல்லா இருக்கு அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. நல்ல மனுஷி, கோபம்கூட அவளுக்கு முழுசாக வராது. தவிர, அவள் கண் முன்னால் ஒரு கிண்ணத்தில் பாதி சூப் மீதியாகி இருக்கிறது. வார்டிலிருந்து தட்டு திரும்பி வந்தால் என்ன செய்வாளோ அதையே செய்தாள். விசாரணையைத் தொடங்கினாள்.

"நாக்கெல்லாம் சாகலை. காலையில வெண்ணெய் பழசுன்னு கண்டுபிடிச்சது யாரு? சொல்லுங்க. அப்போ நீங்க சாப்பிடுறப்ப யார் ஊத்துவாங்க?"

"அதே அக்காதான்."

"அதே சட்டியா?"

"அதே சட்டி. காதுல நெளிஞ்சிருக்கும், பார்த்தேன்."

"கூட்டம் இன்னிக்கு மாதிரியே இருக்குமா?"

"கூட்டமா? ஒரு ஈ காக்கா இருக்காது. நான் ஒருத்தன்தான் உட்கார்ந்திருப்பேன்."

கரண்டியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மத்தியானம் கூட்டம் இல்லாம எப்படி? நீங்க எத்தனை மணிக்குப் போவீங்க?"

"நாலு மணிக்கு. மத்தியானம் லிஃப்ட்டை நிறுத்த முடியுமா? சாப்பாட்டு நேரத்துலதான் எல்லாரும் ஏறி இறங்குவாங்க. ரெண்டு மணிக்கு எல்லாரும் சீட்டுல உட்கார்ந்த பிறகுதான் எங்களைத் தொடவே விடுவாங்க. கம்பிக்கயிறெல்லாம் பார்த்து, கிரீஸ் வச்சு, கையைக் கழுவிட்டுக் கிளம்பினா நாலு. தினமும் நாலுதான்."

அவள் மனசுக்குள் அந்தச் சட்டியைப் பார்த்தாள். காலையில் அடுப்பேறின சட்டி. மத்தியானம் முழுக்க ஊற்றி ஊற்றி, அடியில் நாலு விரல் உயரம் நிற்கிற கெட்டிப் பயறு. ஊற்றுகிறவளுக்குக் கிண்டிவிடக் கை ஒழியாது. கீழே தீ எரிந்துகொண்டே இருக்கும். நாலு மணிக்கு அந்த அடி என்ன கதியாகியிருக்கும்? அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஏழு விதமாகச் செய்தாளே, இந்த எட்டாவது விதம் மட்டும் அவள் கைக்கு இந்த ஜென்மத்தில் தோன்றியிருக்காது.

"எழுந்திரிங்க" என்றாள். "நாலு மணிக்கு மறுபடி போறோம். அதுவரைக்கும் பச்சைத் தண்ணிகூடக் கிடையாது."

"எதுக்கு?"

"சொன்னாக் கேளுங்க."

நாலு மணிக்குக் கடை காலியாக இருந்தது. வெயில் சாய்ந்து வாசல் வழியாக உள்ளே வந்திருந்தது. கடைக்கார அக்கா சட்டியைச் சரித்துவைத்து, கழுவுவதற்கு ஆயத்தமாக இருந்தார்.

"சூப் தீர்ந்துபோச்சேம்மா. ராத்திரிச் சட்டி ஆறு மணிக்குத்தான் இறங்கும்."

"சட்டி அடியில இருக்கிறது போதும் அக்கா" என்றாள் கரண்டியம்மா.

அக்கா திடுக்கிட்டார். "ஐயோ, அது அடிபிடிச்சதும்மா. வெறும் காந்தல். அதை எப்படி நான் மனுஷங்களுக்குக் கொடுப்பேன்? அந்தக் காலத்துல ஒருத்தர் இருந்தார், அவர் ஒருத்தருக்குத்தான்..."

அப்போதுதான் லிஃப்ட்காரர் வாசல் வெயிலில் வந்து நின்றார். அக்கா கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தார். கையிலிருந்த கரண்டி சட்டிக்குள் விழுந்தது.

"நாலு மணிக்காரரா? நாலு மணிக்காரர்தானே! பாவி மனுஷா, மத்தியானம் கூட்டத்துல வந்து நின்னா எனக்கு எப்படித் தெரியும்? நீங்க நாலு மணிக்குன்னா வருவீங்க!"

ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். சொன்னபடியே பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடாமல் கரண்டியம்மாவிடம் திரும்பினார்.

"உன் வீட்டுக்காரரா? தங்கமான மனுஷன்மா. மூணு வருஷம் இவருக்கு அடிபிடிச்ச சூப்பைத்தான் ஊத்தினேன். வேற என்ன இருக்கும் அந்நேரத்துக்கு? ஊத்துறப்போ எனக்கே வெட்கமா இருக்கும். இன்னிக்குத் திட்டப்போறார், இன்னிக்குத் திட்டப்போறார்னு பார்ப்பேன். ஒரு நாள், ஒரு வார்த்தை? வாயில்லாப் பூச்சி!"

"யாரு?" என்றாள் கரண்டியம்மா. "இவரா வாயில்லாப் பூச்சி?"

சிரித்தாள். சிரித்துச் சிரித்து மேஜையைப் பிடித்துக்கொண்டாள். அக்காவுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் கூடச் சேர்ந்து சிரித்தார். லிஃப்ட்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா அடியைச் சுரண்டி, கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கலக்கி, ஒரு கிண்ணம் தேற்றினார். கறுப்பும் பழுப்புமாக, பார்க்க ஒன்றும் லட்சணமாக இல்லை. லிஃப்ட்காரர் ஒரு கரண்டி குடித்தார். அப்படியே நின்றுபோனார். மூக்கு சிவந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கக்கூட இல்லை.

"இதுதான்" என்றார். கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினார். "குடிச்சுப் பாரு. பைத்தியக்காரன் இல்லைன்னு தெரியும்."

கரண்டியம்மா ஜென்மத்தில் முதல் தடவையாக அடிபிடித்த ஒன்றைத் தெரிந்தே வாயில் வைத்தாள். கசப்பு என்று சொல்ல முடியாது. புகை என்றும் சொல்ல முடியாது. தொழில் தெரிந்தவள், பொய் சொல்ல அவளால் ஆகாது. காந்தல் பயறின் இனிப்பைத் தூக்கிக் கொடுத்திருந்தது. ருசி இருக்கத்தான் செய்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா, சுண்டிப்போனதுல உப்பு ஒரு கல் கூடிப்போச்சு. எங்க ஆஸ்பத்திரியில—"

வேண்டுமென்று சொல்லவில்லை. அப்படியே வாயில் வந்துவிட்டது. அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. முகத்தில் ஏதோ ஒன்று லேசாகச் சுருங்கியது. முந்தானையில் கையைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

லிஃப்ட்காரர் அந்த முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் மெள்ளத் திரும்பித் தன் பெண்டாட்டியைப் பார்த்தார்.

"நான் சொல்றப்பவும் உன் முகம் இப்படித்தான் ஆகுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? கண்ணாடி பார்த்துக்கிட்டா பரிமாறுறேன்?" என்றாள் அவள். சொல்லிவிட்டு, அது போதாது என்று தோன்றவே, "ஆகும்" என்றாள்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியும். இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கரண்டியம்மாதான் அக்காவின் கையைப் பிடித்து, "நாளைக்கும் நாலு மணிக்கு வர்றோம், சட்டியைக் கழுவிடாதீங்க" என்று சொல்லி நிலைமையைச் சமாளித்தாள். அக்கா முகம் தெளிந்தது.

வெள்ளிக்கிழமை லிஃப்ட்காரர் பரிதாபத்துக்கு உரியவராகிவிட்டார். காலையில் முட்டையைச் சாப்பிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆ..." என்று ஆரம்பித்து, மளக்கென்று டீயை வாயில் ஊற்றி நாக்கைச் சுட்டுக்கொண்டார். மத்தியானம் மீனுக்கும் அதேபோல் இருமினார். கரண்டியம்மா பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள். கடிவாளம் போட்டு வரவழைக்கிற மௌனத்திலும் அவளுக்கு நம்பிக்கை இல்லை. மரியாதைக்குச் சொல்கிற நோயாளிகளை அவள் எத்தனை பார்த்திருக்கிறாள்! நாலு மணிக்குக் காந்தல் சூப்பைக் குடித்தபோது மட்டும் அவர் முகத்தில் கள்ளம் இல்லை.

சனிக்கிழமை ஆறு மணிக்கு ரயில். இரண்டு மணிக்கே விடுதியைக் காலி செய்துவிட்டுப் பெட்டிகளோடு கடைக்கு வந்துவிட்டார்கள். "ஒரு ஆளைப் பார்த்துட்டு நாலு மணிக்கு வந்துடறேன்" என்று லிஃப்ட்காரர் கிளம்பினார். மஞ்சள் கட்டடத்து லிஃப்ட்டிடம் சொல்லிக்கொள்ளத்தான் போகிறார் என்று அவளுக்குத் தெரியாதா?

கூட்டம் கலைந்திருந்தது. கடைக்கார அக்கா பின்னால் ராத்திரிச் சட்டிக்கு வெங்காயம் அரிந்துகொண்டே, அடுப்புப் பக்கம் நாற்காலி போட்டுக் கரண்டியம்மாவை உட்கார வைத்தார். இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். எந்தச் சட்டி கனம், எந்தச் சட்டி ஏமாற்றும், அக்காவின் மருமகள் வெங்காயம் அரிகிற அழகு, ஆஸ்பத்திரியில் நானூறு பேருக்கு ஒரே உப்பு எப்படி என்று பேச்சு எங்கெங்கோ போனது. உடன்பிறந்தவள்போல் இருந்தது அவளுக்கு. பக்கத்தில் சட்டி பளக் பளக் என்று கொதித்தது. அந்தச் சத்தம் கெட்டிப்படுகிற சத்தம். தொழிலில் இருக்கிறவர்களுக்குக் காதிலேயே தெரியும், இன்னும் கொஞ்சம் விட்டால் பிடித்துக்கொள்ளும் என்று.

நாலு அடிக்கிற சமயத்தில் லிஃப்ட்காரர் உள்ளே வந்தார். வந்தவர் வாசலிலேயே நின்றார்.

"கரண்டி உன் கையிலயா இருக்கு?"

கரண்டியம்மா குனிந்து பார்த்தாள். ஆமாம், அவள் கையில்தான் இருந்தது. அவள் நாற்காலியிலும் இல்லை. சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நெற்றியில் வியர்வை. எப்போது எழுந்தாள், எப்போது கிண்ட ஆரம்பித்தாள் என்று ஒன்றும் ஞாபகம் இல்லை. பேச்சு பேச்சாக இருக்க, கை அது பாட்டுக்கு அடியிலிருந்து புரட்டிப் புரட்டி ஒன்றரை மணி நேரம் ஓட்டியிருக்கிறது. கரண்டியை அடிவரை விட்டு இழுத்தாள். வழவழவென்று வந்தது. ஒரு பொட்டுக் காந்தல் இல்லை.

"ஐயையோ" என்றாள். "கெடுத்துட்டேனே! உங்க கடைசி நாளு..."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா ஓடிவந்து எட்டிப் பார்த்து வாயில் கையை வைத்துக்கொண்டார். லிஃப்ட்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஊத்து" என்றார்.

"வேண்டாங்க. நான் வேணா தீயைக் கூட்டி வச்சு..."

"ரயில் நிக்காது. ஊத்து."

ஊற்றினாள். அவர் குடித்தார். ஒரு கரண்டி, இரண்டு கரண்டி. இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. விரலைக் காற்றில் ஆட்டவில்லை. குனிந்த தலை நிமிராமல் குடித்தார். இரண்டு பெண்களும் சட்டிக்குப் பின்னால் பரீட்சை எழுதிவிட்டு நிற்கிறவர்கள்போல் நின்றார்கள்.

"நல்லா இருக்கு" என்றார்.

கரண்டியம்மா காத்திருந்தாள். இதோ வரப்போகிறது, இல்லாவிட்டால் இருமப்போகிறார். வரவில்லை, இருமவும் இல்லை. இருந்தாலும் அவள் வார்த்தையை நம்பவில்லை. எட்டிக் கிண்ணத்தைப் பார்த்தாள். அவர் ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்து, கிண்ணத்தின் ஓரத்திலிருந்து அடிவரைக்கும் சுற்றிச் சுற்றி வழித்துக்கொண்டிருந்தார். வெள்ளைப் பீங்கான் பளிச்சென்று தெரிந்தது. அந்த ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டு, வெறும் கிண்ணத்தை அவள் பக்கம் நீட்டினார்.

"என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறே? இன்னும் கொஞ்சம் ஊத்து. நேரமாகுது."

அவள் கரண்டியை அடிவரைக்கும் விட்டு, கிண்ணம் நிறைய ஊற்றினாள்.